மாங்காய் வாங்காத வீடு

ஆமா அண்ணாச்சி, கிரகணம்தான். நீங்க கேட்க வந்தது அதுதானே? நானும் பஸ் கிளம்பினதிலிருந்து பார்க்கிறேன், ஜன்னலைப் பார்க்கிற மாதிரி என் உதட்டைப் பார்க்கிறீங்க. திரும்பி நல்லாவே பாருங்க. பிறக்கும்போதே மேல் உதடு மூக்கு வரைக்கும் ரெண்டாகப் பிளந்து கிடந்ததாம். சின்னப் பிள்ளையில் ஆபரேஷன் பண்ணித் தைத்தார்கள். தைத்த இடம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. 'ப' சொன்னால் கொஞ்சம் மூக்கால் வரும். ஆனால் நான் பேசுவது உங்களுக்குப் புரியுதுல்ல? புரியும். அதுக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தினமும் சாயங்காலம், மற்ற பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நேரத்தில், எங்க அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்து, உள்ளங்கையில் மிட்டாய் சுற்றுகிற பேப்பரை வைத்து என் வாய்க்கு நேராக நீட்டுவாள். "ப சொல்லு. பேப்பர் ஆடணும்." ஆடாது. "இன்னொருக்கா." ஆடாது. வருஷக்கணக்காக இந்த இம்சை. விடவே மாட்டாள். அவள் பிடிவாதம் அப்படி.

என் பேர் கனகவேல். ஊரில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. 'கிரகணம்' என்றால்தான் தெரியும். "ஏலே கிரகணம், வெளிய வராதல, பகல்லயே இருட்டிரப் போகுது." எங்க தெருப் பையன்களின் காமெடி இது. ஒண்ணாம் வகுப்பிலிருந்து இதே காமெடி. புதுசாக ஒன்றை யோசிக்கக்கூடத் துப்பில்லாத பயல்கள்.

பள்ளிக்கூடத்தைப் பத்தாவதோடு நிறுத்திவிட்டேன். உடனே 'ச்சு' கொட்டாதீங்க. கேலி பண்ணினார்கள், உண்மைதான். ஆனால் நான் நின்றது கணக்கு வராததால். செய்யாத குற்றத்தை உதட்டின் மேல் தூக்கிப் போட எனக்குப் பிடிக்காது. இப்போது கோவில்பட்டியில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் இருக்கிறேன். உடைந்த டிஸ்ப்ளே மாற்றுவேன். நல்லாவே மாற்றுவேன்.

இப்போது எங்கே போகிறேன் தெரியுமா? செவல் விலக்கு. அங்கே இறங்கி உள்ளே நடந்தால் எங்க அத்தை ஊர். அப்பாவுடைய அக்கா, சண்முகக்கனி. நாளைக்கு ஆடி அமாவாசை. சாயங்காலம் சூரிய கிரகணம். அத்தை மகள் முத்துச்செல்வி மதினி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கிரகணம் விடுகிற வரைக்கும் அவளை உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். நான் அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேலை.

காவலுக்கா? நீங்க வேற. காட்சிக்கு!

வாயும் வயிறுமா இருக்கிறவள் கிரகண நேரத்தில் வெளியே தலை காட்டக் கூடாது, எதையும் நறுக்கக் கூடாது, கிள்ளக் கூடாது. வாயால் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பதில்லையாம். அதுக்கு அத்தை கண்டுபிடித்த வழி நான். "இவன் வாசல்ல உக்காந்திருந்தா எவ தாண்டுவா?" இதை என் முன்னாலேயே சொல்வாள். நான் ஏதோ வேலியோரக் கள்ளிச்செடி மாதிரி.

முதல் தடவை போனது எனக்கு எட்டு வயசு இருக்கும்போது. அது மார்கழியில், காலை நேரத்தில் வந்த கிரகணம். அதுக்கு முந்தின நாளே அத்தை வந்து என்னைக் கூட்டிப்போய், குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, அவள் தெருவில் பிள்ளை உண்டாகியிருந்த வீடு ஒவ்வொன்றுக்கும் நடத்திக் கூட்டிப்போனாள். "இந்தா, நல்லாப் பாத்துக்கிடுங்க. இவன் ஆத்தாக்காரி கிரகணத்துல ஒரு மாங்காய நறுக்குனா. அம்புட்டுத்தான். கத்தி மாங்காயில பட்டுச்சு, இவன் உதட்டுல விழுந்துச்சு. ஏலே, வாயத் தொற." திறப்பேன். கை நிறையக் காராச்சேவு தருவார்கள். பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி, எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஊரே என்னைக் கூப்பிடுதேன்னு. ஒரு வீட்டில் ஒரு அக்கா என்னைப் பார்த்துவிட்டு முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டு அழுதது. அதுக்கும் சேவு வேணும் போலன்னு நான் நீட்டினேன்.

அதுக்குப் பிறகும் கூப்பிட்டார்கள், போனேன். நடுவில் சில வருஷம் நம்ம பக்கம் கிரகணமே வராததால் தப்பித்தேன். இப்போ வருது. அத்தை ஆடி பிறந்ததுமே போன் போட்டுவிட்டாள்.

இந்த மாங்காய்க் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது புண்ணாகிவிட்டது. எங்க வீட்டில் மாங்காய் வாங்கினதே கிடையாது. ஊரெல்லாம் ஊறுகாய் போடுகிற மாசத்தில் எங்க வீட்டில் எலுமிச்சை. பள்ளிக்கூட வாசலில் மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவி விற்பாள் ஒரு அம்மா, எனக்கு மட்டும் கொடுக்க மாட்டாள். "உனக்கு ஆகாதுய்யா, நெல்லிக்கா தாரேன்" என்பாள். மாங்காய்க்கும் எனக்கும் என்ன பகை, சொல்லுங்க.

அதுகூடப் பரவாயில்லை. போன மாசம் செல்வி மதினிக்கு வளைகாப்பு. மதினிக்கு எங்க அம்மா தாய்மாமன் பொண்டாட்டி அண்ணாச்சி. முதல் வளையல் அவள் போட வேண்டும். அத்தை சொன்னாள், "சொர்ணக்கிளி, நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத. அந்தக் கை வேண்டாம்." அந்தக் கையாம். கிரகணத்தில் நறுக்கின கை. எங்க அம்மா பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள். அதுக்கு அந்தக் கை ஆகும் போல. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சோற்று அண்டாவை எட்டி உதைத்திருப்பேன். அம்மா முறைத்தாள், அடங்கிவிட்டேன்.

அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். இந்தக் கிரகணம் என்னதான் பண்ணும் என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று.

கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனில் தேடினேன். வரப்போகிற கிரகணம் எங்கே தொடங்கும், எந்த வழியாகப் போகும், எந்த ஊருக்கு எவ்வளவு மறையும், எல்லாவற்றையும் உலகப் படத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறான். ரொம்ப லேசான விஷயம் அண்ணாச்சி. எனக்கே புரிந்தது என்றால் பாருங்க. நிலா குறுக்கே வருது. அதன் நிழல் பூமி மேல் ஒரு கோடு மாதிரி ஓடுது. நாளைக்கு அந்தக் கோடு ஆப்பிரிக்கா, அரேபியா வழியாக வந்து கடலுக்குள் முடியுது. கோட்டுக்குள் நிற்கிறவனுக்குத்தான் பட்டப்பகலில் இருட்டும். நாம் தள்ளி இருக்கிறோம், நமக்குப் பாதிகூட மறையாது. சூரியன் மேற்கே இறங்குகிற நேரத்தில் ஒரு ஓரம் கடித்த பணியாரம் மாதிரி இருக்கும். ஒரு மழை மேகம் வந்தால் இதைவிட இருட்டும். வெறும் கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். ஆபத்து கண்ணுக்கு. இவர்கள் வயிற்றைப் போய்ப் பூட்டுகிறார்கள்.

அங்கே பாருங்க, டிரைவர் தலைக்கு மேலே சாமி படம், லைட் எரியுதுல்ல? கண்டக்டர் நடுவில் நிற்கிறார். அவருக்கு நேர் பின்னால் இருக்கிற அந்தச் சிவப்புத் துண்டுக்காரருக்குப் படம் முழுசா மறையுது. நமக்கு ஓரத்தில் கொஞ்சம் மறையுது. சரி, பின்னால் வருகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு? அவனுக்கு இந்தக் கண்டக்டரும் கிடையாது, இந்தப் படமும் கிடையாது. அவன் போய் 'எனக்கு மறைச்சுட்டார்'னு சண்டை போட்டால் சிரிப்பீங்களா மாட்டீங்களா?

எங்க அம்மா அந்தப் பின் பஸ்ஸில்தான் இருந்தாள் அண்ணாச்சி.

பழைய கிரகணத்தையெல்லாம்கூட அதில் போட்டிருக்கிறான். நான் வயிற்றில் இருந்த வருஷத்துக்குப் போனேன். ஆனி அமாவாசைன்னு அம்மா சொல்வாள். அந்த அமாவாசைக்குக் கிரகணம் இருந்தது, நிஜம். முழுக் கிரகணம்கூட. ஆனால் எங்கே தெரியுமா? உலகத்தின் முதுகுப் பக்கம். எல்லாம் கடல். நடுவில் ஒரு தீவு, பெரிய பெரிய கல் தலைகள் வரிசையாக நிற்குமே, அந்தத் தீவு. அந்தக் கல் தலைகளுக்குத்தான் கிரகணம் பிடித்தது. நமக்கு அப்போது ராத்திரி. சூரியனே இல்லாத ராத்திரியில் சூரிய கிரகணம் எப்படி அண்ணாச்சி பிடிக்கும்? ஊரே குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கும். கல் தலைக்குப் பிடித்த கிரகணத்துக்கு நான் இங்கே வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா கடலைமிட்டாய்க்குப் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சுற்றிக் கொடுப்பாள். எனக்கு மூச்சு வாங்குது.

"எம்மா, நீ ஒண்ணுமே பண்ணலம்மா! அன்னைக்கு நம்ம ஊர்ல கிரகணமே கிடையாது!"

"கைய எடு, மிட்டாய் மேல படுது."

"இங்க பாரும்மா, இந்தப் படத்தப் பாரு. இந்தக் கோடு எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்..."

"தெரியும்ய்யா."

"என்ன தெரியும்?"

"கிரகணம் இல்லன்னு தெரியும். நான் மாங்காயும் நறுக்கல. அப்ப எனக்கு வாந்தி. மாங்கா வாசனையே ஆகாது."

கை நிற்கவே இல்லை அண்ணாச்சி. அவள் பாட்டுக்கு மடிக்கிறாள், முறுக்குகிறாள், கூடையில் போடுகிறாள்.

பிறகு சொன்னாள். நான் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அத்தைதான் முதலில் என்னைத் துணியை விலக்கிப் பார்த்தாளாம். பார்த்த உடனே, "இது யாரு வழியில வந்தது? எங்க ரத்தத்துல இப்படிக் கிடையாதே" என்று சத்தம் போட்டாளாம். அந்த நேரத்தில் எங்க சித்திக்குக் கல்யாணம் பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் ஆப்பிள் பையோடு பிள்ளை பார்க்க வராந்தாவில் நிற்கிறார்கள். ரத்தம்னு ஒரு பேச்சு அந்த வராந்தா வரைக்கும் போனால் சித்தி கல்யாணம் அவ்வளவுதான். எங்க அம்மா படுத்திருந்த இடத்திலிருந்தே சொன்னாளாம், "யாரு வழியும் இல்ல மதினி. நான்தான். கிரகணத்தன்னைக்கு மாங்காய நறுக்கிட்டேன்." ஏதோ தீவில் கிரகணம்னு டிவியில் காட்டினது ஞாபகத்துக்கு வந்ததாம். எந்தக் கிரகணம், என்னைக்கு, பகலா ராத்திரியான்னு ஒருத்தரும் கேட்கவில்லையாம். கேட்க மாட்டார்கள். அவர்களுக்குத்தான் பதில் கிடைத்துவிட்டதே.

நான் கத்தினேன். தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "சித்தி கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பிள்ளை ஆயாச்சுல்ல? அப்புறமாவது சொல்லித் தொலைய வேண்டியதுதான? வளைகாப்புல போய்ப் பாத்திரம் கழுவுனியே!"

"கழுவுனா கை தேஞ்சிருமா?"

"நான் போய்ச் சொல்றேன். அத்தை வீட்டுல, அத்தனை பேரு முன்னால."

அப்போதுதான் கை நின்றது. "என்னன்னு சொல்லுவ? கிரகணம் இல்லன்னா வேற என்னத்தால?"

"நிறையத் தடவை காரணமே தெரியாதுன்னு போட்டிருக்கும்மா."

"தெரியாதுன்னா நம்ம ஆளுக விட்டுருவாங்களா? ரத்தம்பாங்க. உங்கப்பாவும் அத்தையும் ஒரு வயித்துல பிறந்தவுக. செல்வி வயித்துல கிடக்கிறதும் அந்த ரத்தம்தான? அவ மாமியாக்காரி வாய் எப்படின்னு உனக்குத் தெரியாது. கிரகணம்னா அந்தப் புள்ளைக்கு ஒரு சாயங்காலம் பயம். கதவத் தொறந்தா தீந்துச்சு. ரத்தம்னா பெத்துக் கையில வாங்குற வரைக்கும் பயம்ல எய்யா."

கேட்டீங்களா? எல்லாரையும் பற்றி யோசித்தாள். சித்தியைப் பற்றி யோசித்தாள். செல்வி மதினியைப் பற்றி, அவள் மாமியார் வாயைப் பற்றிக்கூட யோசித்தாள். என்னைப் பற்றி யோசித்தாளா? பெற்ற பிள்ளைக்கு ஒரு பொய்யைப் பேராக வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து "ப சொல்லு, ப சொல்லு"ன்னு பேப்பரை நீட்டியிருக்கிறாள். நெஞ்சழுத்தம் என்றால் இதுதான். சித்தி வருஷா வருஷம் தீபாவளிக்கு என் அளவு பார்த்துச் சட்டை எடுத்து வருவாள், அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்து வருவாள், கொடுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவளுக்கும் தெரியுமோ என்னவோ. எனக்கு மட்டும்தான் தெரியாது போல.

அப்பாவிடம் கேட்கலாம்னு பார்த்தால் அவர் லாரியில் நாக்பூர் போயிருக்கிறார். போனில் சொன்னேன். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்ததே அந்த ஒரு வசனம்தான்.

நேற்று செல்வி மதினி போன் பண்ணினாள். அவள் ஒருத்திதான் என்னைக் 'கனகு' என்பாள். குசுகுசுன்னு பேசினாள், பக்கத்தில் அத்தை இருந்திருப்பாள் போல.

"ஏலே கனகு, நீ நாளைக்கே வாரியாமே."

"ஆமா மதினி."

"நெசமாவே அப்படி ஆகுமால? நீ போன்லயே கிடக்கிறவன், உனக்குத் தெரியும்ல. எனக்கு அந்த ரூம்ல ஜன்னலச் சாத்துனாலே மூச்சு முட்டுது."

வாய் வரைக்கும் வந்துவிட்டது அண்ணாச்சி. எதிரே அம்மா நிற்கிறாள். வேண்டாம்னு தலையை இப்படி ஆட்டினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு சாயங்காலம்தான மதினி, பல்லக் கடிச்சுக்கிட்டு உள்ள இருந்துரு." அம்மா பேசுகிற மாதிரியே பேசிவிட்டேன். என் நாக்கை நானே அறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு, "கனகு, கோவிச்சுக்காதல. நீ வாசல்ல உக்காரும்போது அந்தப் பக்கமாத் திரும்பி உக்காரு, என்ன? கதவிடுக்குல உன்னப் பாத்தா எனக்கு... ராத்திரி கனாவுல வருதுல" என்றாள்.

நான் சின்னப் பிள்ளையில் இவள் முதுகில் உப்புமூட்டை ஏறினவன். என் வாயைத் துடைத்துவிட்டுச் சோறு ஊட்டினவள். அவளுக்கே கனாவில் வருதாம். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இல்லை, இருக்கு. யார் மேலன்னுதான் தெரியலை. நாளைக்கு நிலா மேலே கொஞ்சம் கோபப்படலாம்.

என்ன, எழுந்திரிக்கிறீங்க? இன்னும் விலக்கு வரவில்லையே.

வந்துருச்சா? நீங்களும் செவல்தானா? இவ்வளவு நேரம் 'உம்' கொட்டிக்கொண்டு வந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எந்தத் தெரு? கீழத்தெருவா? அங்கே அரைவை மில்லுக்கு எதிர்வீடுதான் எங்க அத்தை வீடு. உங்களுக்குத் தெரியுமா? ஓ, ஒண்ணுமண்ணாப் பழகுகிறவர்களா.

அண்ணாச்சி. ஒரு நிமிஷம். கண்டக்டர் சார், இறங்குறாங்க சார், கொஞ்சம் நில்லுங்க!

நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம்... அத்தை கேட்டாலும் சரி, செல்வி மதினி மாமியார் கேட்டாலும் சரி, யார் கேட்டாலும், கிரகணம்தான். எங்க அம்மா மாங்காய் நறுக்கினாள். பெரிய கிரகணம், பகலே ராத்திரி மாதிரி இருட்டிப்போச்சு, கோழியெல்லாம் கூட்டில் போய் அடைந்ததுன்னு சொல்லுங்க. உங்க கண்ணால் பார்த்த மாதிரியே சொல்லுங்க. என் மேல் சத்தியமாக அப்படித்தான் சொல்லணும். செல்வி மதினியை ஒரு சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லுங்க.

நானா? நான் இறங்கலை. டிக்கெட் இதுவரைக்கும்தான் எடுத்திருக்கிறேன். சங்கரன்கோவிலுக்கு ஒண்ணு கேட்டு வாங்கிக்கொள்கிறேன். என்னைப் பஸ்ஸில் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம். பார்த்தீங்கன்னு தெரிந்தால் பஸ்ஸில் என்ன பேசினான்னு கேட்பாள் அத்தை.

அம்மா பஸ் ஏற்றிவிடும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். "விலக்குல மறக்காம இறங்கு. வாசல்ல போய்ப் பேசாம உக்காரு. குடுக்கிறதத் தின்னு. வழியில எவன் கேட்டாலும் வாயத் தொறக்காத." பஸ் நகர்ந்த பிறகும் கூடவே நடந்து வந்து சொன்னாள்.

பார்த்து இறங்குங்க அண்ணாச்சி, படியில் ஆள் நிற்குது. விசில் ஊதியாச்சு. போலாம் ரைட்.